'விஷ்' மாங்கா: நான்கே தொகுதிதான், ஆனால் கோஹாகு வந்தானா, வந்தாளா?

மொட்டைமாடி

வணக்கம். பழைய புத்தகக் கடை ஒன்றில், சமையல் குறிப்புகளுக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கும் நடுவே 'விஷ்' என்ற மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், நான்கு தொகுதிகளும் சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. ஆங்கிலப் பதிப்பு. அட்டையில் கிளாம்ப் என்ற பெயரைப் பார்த்ததும் விலை கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும். போகட்டும்.

நான் நெடுந்தொடர்களில் நொந்தவள். முப்பதாவது தொகுதியில் நாயகன் நாயகியின் கையைப் பிடிப்பதற்குள் எனக்கு நரை வந்துவிடும். அதனால் 'நான்கு தொகுதியில் முற்றும்' என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கதை தெரியாதவர்களுக்காக: ஷூயிச்சிரோ குதோ ஒரு மருத்துவர். தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார். ஓர் இரவு, மரத்தில் காகத்திடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் கையளவு உருவம் ஒன்றைக் காப்பாற்றுகிறார். அதன் பெயர் கோஹாகு, வானுலகைச் சேர்ந்த தேவதை. விடிந்ததும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்று, 'காப்பாற்றியதற்குக் கைம்மாறாக ஒரு விருப்பத்தை நிறைவேற்றித் தருகிறேன், கேளுங்கள்' என்கிறாள். அவரோ தமக்கு விருப்பம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறார். கேட்கும்வரை போவதில்லை என்று அவள் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். பகலில் பெரிய உருவம், பொழுது சாய்ந்தால் மீண்டும் கையளவு.

இரண்டு தொகுதி முடித்திருக்கிறேன். சேர்ந்து படிக்க யாராவது உண்டா?

பனிக்கூழ்

நான் வருகிறேன் அக்கா. 'விஷ்' எனக்கு மிகவும் பிடித்த தொடர். ஆனால் தொடங்கும்போதே ஒரு திருத்தம். கோஹாகு 'அவள்' இல்லை, 'அவன்' இல்லவே இல்லை. இந்தக் கதையில் தேவதைகளுக்கு ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஷீ' என்று போட்டுவிட்டதால் அதைப் படித்தவர்கள் எல்லாரும் கோஹாகுவைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பானிய மொழியில் இந்தத் தொல்லை இல்லை. வினைச்சொல்லில் பால் காட்டும் விகுதி கிடையாது. 'கித்தா' என்றால் வந்தது யாராகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எதையும் அது சொல்லாது. எழுவாயையும் பாதி நேரம் விட்டுவிடுவார்கள். அதனால் நான்கு தொகுதி முழுக்கக் கோஹாகு யார் என்ற கேள்வியே எழாமல் எழுதிவிட்டுப் போக முடிந்தது.

சில தகவல்கள்: கிளாம்ப் என்பது ஒருவர் அல்லர், ஒரு பெண்கள் குழு. 1980களில் ஜப்பானின் கான்சாய் பக்கத்தில் ரசிகர்களாகச் சேர்ந்து சொந்தச் செலவில் இதழ் அச்சிட்டவர்கள். 1989-இல் 'ஆர்ஜி வேதா' வழியாகத் தொழில்முறைக்கு வந்தார்கள். ஆமாம், நம் ரிக் வேதம்தான். இந்திரனும் அசுரனும் யட்சனும் ஜப்பானிய பௌத்தத்தின் வழியே போய், வேறு முகத்தோடு அதில் வருவார்கள். 'விஷ்' தொடங்கிய 1995-இல் குழு நால்வராகச் சுருங்கியிருந்தது: கதை எழுதும் ஓகாவா, வரையும் மொகோனா, நெகோய், இகராஷி. கடோகாவா நிறுவனத்தின் 'ஆசுகா மிஸ்டரி டிஎக்ஸ்' இதழில் 1998 வரை வந்தது.

அக்காவிடம் இருக்கும் பதிப்பு டோக்கியோபாப் 2002-இல் வெளியிடத் தொடங்கியது. அவர்கள் 2011-இல் வட அமெரிக்கப் பதிப்பகத்தை மூடினார்கள். எனவே கயிற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நான்கும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

மொட்டைமாடி

அப்படியா! சரி, திருத்திக்கொள்கிறேன். கோஹாகு வந்த… வந்த… இப்போது என்ன போடுவது? வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. எதைப் போட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறதே.

கிணற்றடி

அம்மா, இதில் குழம்ப என்ன இருக்கிறது? 'வந்தார்' என்று எழுதுங்கள். தமிழில் 'அவர்' ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அடிப்படையில் அது பலர்பால். பின்னர் உயர்வு கருதி ஒருவருக்கும் வந்தது. ஆங்கிலத்துக்காரன் தடுமாறலாம், நாம் தடுமாற வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் நான்காம் நூற்பாவிலேயே இதைப் பேசிவிட்டார். உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, ஆண்பால் பெண்பால் பலர்பால் என்று வகுத்த கையோடு, இந்தப் பிரிப்புக்குள் அடங்காத இரண்டு வகைப் பெயர்களை எடுத்துச் சொல்கிறார். ஒன்று, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'. மற்றொன்று, 'தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி'. இவற்றுக்கென்று தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு வரும் என்கிறார். தேவன் வந்தான், தேவி வந்தாள், தேவர் வந்தார் என்று உரையில் காட்டுவார்கள். உங்கள் கோஹாகு வானுலகத்தவர் அல்லவா? 'வந்தார்' போதும்.

பனிக்கூழ்

ஐயா, தொல்காப்பியத்தில் கோஹாகுவா! இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன்.

முத்துநகர்

எங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. பாட்டி 'தேவதை' என்று சொல்ல மாட்டார், 'தேவதூதன்' என்றும் சொல்ல மாட்டார். 'சம்மனசு' என்பார். பழைய கத்தோலிக்கத் தமிழ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காவல் சம்மனசு உண்டு, ராத்திரி தலைமாட்டில் நிற்கும் என்று சொல்லித்தான் தூங்க வைப்பார். சின்ன வயதில் அந்தச் சம்மனசு ஆணா பெண்ணா என்று எனக்குக் கேட்கவே தோன்றியதில்லை. 'நிற்கும்' என்ற வினை அதற்கு இடமே கொடுக்கவில்லை.

எதிர்க்கட்சிக்கும் சொல் இருக்கிறது: பசாசு. கதையில் அந்தக் கட்சியிலிருந்து வரும் கோர்யூவைப் பார்த்ததும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. சரியான குட்டிப் பசாசு.

மொட்டைமாடி

கோர்யூ எனக்கு உயிர்! முழு வேலையும் கோஹாகுவைச் சீண்டுவதுதான். அதிலும் அந்த ஏற்பாடு எவ்வளவு அழகு: கோஹாகு இரவில் சிறிதாகும், கோர்யூ பகலில் சிறிதாகும். ஒருவருக்கு வலு இருக்கும்போது மற்றவருக்கு இருக்காது. ஆகவே சண்டை என்றைக்கும் சரிசமமாக நடப்பதே இல்லை.

'சம்மனசு' சொல் பிடித்திருக்கிறது. ஆனால் 'அவர்' என் காதில் உட்காரவில்லை ஐயா, மன்னியுங்கள். கோஹாகு எதற்கெடுத்தாலும் பதறி, கண்ணில் நீர் கட்டி, செய்ய வந்த வேலையைச் சிக்கலாக்கி வைக்கிற பிறவி. 'கோஹாகு அவர்கள் மேசைமேல் தடுக்கி விழுந்தார்' என்று எழுதினால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் விழுந்தது போல இருக்கிறது.

கிணற்றடி

மரியாதைச் சொல் பொருந்தவில்லை என்றால் குறை சொல்லில் இல்லை. சிறியவர்களை மரியாதையாகச் சொல்லி நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நீலத்தாள்

மொழிபெயர்ப்பும் வசன எழுத்தும் என் பிழைப்பு என்பதால் உள்ளே வருகிறேன். 'அவர்' சரியா தவறா என்பதை விடுங்கள், அது எங்கே வரும் என்று பாருங்கள். மாங்காவில் கதைசொல்லி மிகக் குறைவாகவே பேசுகிறார். எல்லாம் உரையாடல் குமிழிகள். கோஹாகு பேசும்போது 'நான்'. கோஹாகுவிடம் பேசும்போது 'நீ'. இரண்டிலும் தமிழுக்குப் பால் கிடையாது. இருவர் சேர்ந்து மூன்றாவது ஆளாகக் கோஹாகுவைப் பற்றிப் பேசும் இடங்களில் மட்டும்தான் சிக்கல். அவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

அங்கேயும் தப்பிக்க வழிகள் இருக்கின்றன. 'கதவைத் திறந்தது யார்?' 'திறந்தது கோஹாகு.' இதில் யாருடைய பாலும் தெரியாது. 'கோஹாகுவுக்குப் பிடிக்கும்', 'கோஹாகுவால் முடியாது', 'கோஹாகு வரவில்லை', 'வரட்டும்', 'வர வேண்டும்'. ஒன்றிலும் விகுதி கிடையாது. தமிழ் வினை எப்போதும் பாலைக் காட்டிக்கொடுக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த பாதி உண்மை. காட்டாத வினைகளை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

எழுதியும் பார்த்தேன், சோதனைக்கு. முதல் பத்துப் பக்கம் நன்றாக வந்தது. பிறகு, யாரோ தும்மலை அடக்கிக்கொண்டே பேசுவதைக் கேட்பது போல ஆகிவிட்டது. தவிர்ப்பதும் வெளியே தெரிந்துவிடுகிறது.

இருவாட்சி

எல்லாரும் விகுதியில் மூழ்கிவிட்டீர்கள். கதையைப் பற்றி யாராவது பேசுங்கள். நான் சொல்கிறேன்: ஷூயிச்சிரோ போன்ற மரக்கட்டை நாயகனை நான் பார்த்ததில்லை. முகத்தில் ஒரு தசையும் அசையாது. 'விருப்பம் இல்லை' என்கிறார், காப்பி குடிக்கிறார், வேலைக்குப் போகிறார். இதற்குப் பெயர் காதல் கதையா?

உண்மையான காதல் ஹிசுயியும் கொகுயோவும்தான். வானுலகில் காற்றை ஆளும் உயர்நிலைத் தேவதை ஒரு பக்கம், சாத்தானின் மகன் இன்னொரு பக்கம். இரண்டு உலகமும் துரத்தும் காதல். ஹிசுயியைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் கோஹாகுவையே கீழே அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய கதையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, தேநீர் ஆறுவதை நான்கு தொகுதிக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள்.

முத்துநகர்

அந்தப் பெரிய காதலர்கள் ஓடி வந்து ஒளிந்துகொள்ளும் வீடு யாருடையது? மரக்கட்டையின் வீடு. 'தங்கலாமா?' 'தங்குங்கள்.' அவ்வளவுதான் பேச்சு. சாத்தானின் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்றால் நான் புகையிலைப் பையைத் தேடும் பெரியப்பா மாதிரி வீடு முழுக்கச் சிலுவையைத் தேடி ஓடியிருப்பேன். ஷூயிச்சிரோ இன்னொரு கோப்பை எடுத்து வைப்பார். எனக்கு அது போதும்.

மொட்டைமாடி

இருவாட்சி சொன்னதைப் படித்துவிட்டு முதல் தொகுதியை மறுபடி புரட்டினேன். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது.

நம் கதைகளில் வரம் கேட்பவன் வக்கீல் மாதிரிக் கேட்பான். இரணியனைப் பாருங்கள்: பகலில் சாகக் கூடாது, இரவில் சாகக் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது. பத்திரம் எழுதுவது போல ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு வருவான். கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வாங்கியவன் மாட்டிக்கொள்வான். 'விஷ்' அதைத் தலைகீழாக்குகிறது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அதனால் கொடுக்க வந்தவர் மாட்டிக்கொள்கிறார். ஷூயிச்சிரோ 'ஒரு மிதிவண்டி வேண்டும்' என்று கேட்டிருந்தால் கதை பத்தாம் பக்கத்தில் முடிந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் கோஹாகு அந்த வீட்டில் இருக்க ஒரு சாக்கு. அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? எனக்கு அந்த அசையாத முகத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கிணற்றடி

'வேண்டாமை அன்ன விழுச்செல்வம்' என்றார் வள்ளுவர். அவா அறுத்தல் அதிகாரம், 363.

இருவாட்சி

துறவறவியலிலிருந்து காதலனைப் பொறுக்கி எடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் அதையேதான் சொல்கிறேன் ஐயா.

பனிக்கூழ்

அந்த அதிகாரத்தில் அதற்கு முந்தைய குறள், 362, இன்னும் பொருத்தம். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நான்காம் தொகுதியை மூடி வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

நண்பர்களுக்கு: இழையைத் தொடங்கியவர் இன்னும் இரண்டு தொகுதி படிக்க வேண்டியிருக்கிறது. முடிவைப் பற்றி எழுதுவோர் 'மறைப்பு' பொத்தானைப் பயன்படுத்தவும். குறள் எண் வழியாக முடிவை உடைப்பதை இன்றுதான் முதன்முறை பார்க்கிறேன். அதற்கு விதி ஏதும் இல்லாததால் அனுமதிக்கிறேன்.

பனிக்கூழ்

நன்றி. படம் பற்றி இரண்டு வார்த்தை. கிளாம்பின் முந்தைய தொடர்களில் பக்கம் முழுக்க மையாகக் கொட்டியிருக்கும். கருப்பு முடி, கருப்பு வானம், கிழிந்து பறக்கும் துணி, இலை, சிறகு. 'விஷ்' அதற்கு நேர்மாறு. இதை முதன்மையாக வரைந்தவர் நெகோய். கோடு மெல்லியது, வெற்றிடம் மிகுதி. ஒரு சதுரத்தில் கோப்பை மட்டும் இருக்கும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது.

மாங்காவில் அமைதிக்கும் ஒலிக்குறிப்பு உண்டு என்பது தெரியுமா? 'ஷீன்' என்று எழுதுவார்கள். சத்தமே இல்லை என்பதற்கு ஒரு சத்தம். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு 'தொகி தொகி'.

நீலத்தாள்

'தொகி தொகி'க்கு 'திக்திக்' தயாராக இருக்கிறது. இரட்டைக்கிளவியில் நாம் ஜப்பானியருக்குச் சளைத்தவர்கள் அல்லர். சலசல, மளமள, கிடுகிடு என்று கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் 'ஷீன்' என்பதற்குத் தமிழில் என்ன வைப்பது என்று நான் பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். நிசப்தத்தைச் சொல்ல நம்மிடம் 'ஊசி விழுந்தால் கேட்கும்' என்ற முழு வாக்கியம்தான் இருக்கிறது. சதுரத்தின் மூலையில் அது அடங்காது.

முத்துநகர்

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண் எனக்கு. இரும்புக்கை மாயாவி இடமிருந்து வலமாகத்தான் மறைவார். முதல் மாங்காவை எடுத்தபோது கடைசிப் பக்கத்தில் தொடங்கி, காதலர்கள் பிரிந்து, சண்டை போட்டு, அறிமுகமாகி, அந்நியராகிப் போவதைப் படித்தேன். மோசமில்லை.

இருவாட்சி

சிரித்துவிட்டேன். சரி, நானும் மறுபடி படிக்கிறேன். ஆனால் ஒன்று: கோஹாகுவை 'அது' என்று யாராவது எழுதுவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் கிளம்புகிறேன்.

மொட்டைமாடி

ஐயோ, நான் அதைத்தான் எழுதலாம் என்று இருந்தேன். இரவில் கையளவு ஆகும்போது மட்டும். பகலில் ஐயா சொன்னபடி 'அவர்'. 'குழந்தை அழுகிறது', 'பாவம், அது என்ன செய்யும்' என்று நாம் ஆசையாகச் சொல்வதில்லையா? உருவம் மாறுவது போலவே விகுதியும் மாறினால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

இருவாட்சி

வீட்டுக்குள் குழந்தையை 'அது' என்பது ஆசை. ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல முடியாத ஒருவரைத் தெருவில் 'அது' என்பது வேறு. என் தோழி ஒருவருக்குப் பேருந்தில் நடந்தது. நடத்துநர் சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் 'அது எங்கே இறங்குகிறது?' என்று மட்டும் கேட்டார். இரண்டு எழுத்து. தோழி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தார். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்லின் ஆசைப் பக்கம் கேட்பதே இல்லை. கோஹாகு மாங்காவில் வரும் கற்பனைப் பிறவிதான். இருந்தாலும் பால் இல்லாத பாத்திரம் என்றதும் நம் கை 'அது'வுக்குப் போனால், ஏன் போகிறது என்று கேட்க வேண்டும்.

மொட்டைமாடி

இதை நான் யோசிக்கவில்லை. மன்னிக்கவும். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கிணற்றடி

இருவாட்சி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். தொல்காப்பியர் அந்த இரண்டு வகையையும் உயர்திணை ஈற்றோடுதான் சேர்த்தார் என்பதை மறக்கக் கூடாது. அஃறிணைக்குத் தள்ளவில்லை.

இன்னொரு நூற்பாவும் நினைவுக்கு வருகிறது. நன்னூலில், 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.' மகிழ்ச்சியிலும் சொல்வான், சினத்திலும் சொல்வான், இழிவுபடுத்தவும் சொல்வான், அப்போதெல்லாம் திணையும் பாலும் மாறி வரலாம் என்று பவணந்தியார் ஒப்புக்கொள்கிறார். கொஞ்சும் 'அது'வும் ஏசும் 'அது'வும் ஒரே நூற்பாவுக்குள் நிற்கின்றன. எந்த 'அது' என்று இலக்கணம் சொல்லாது, சொல்பவன் முகம்தான் சொல்லும். எழுத்தில் முகம் இல்லை. ஆகவே எழுத்தில் வேண்டாம் என்பதே என் முடிவு.

நீலத்தாள்

ஐயா கடைசியில் சொன்னது உரைநடைக்குப் பொருந்தும். மாங்காவில் முகம் இருக்கிறதே! குமிழிக்குக் கீழே பேசுபவரின் கண்ணும் புருவமும் வரைந்திருக்கிறது. ஷூயிச்சிரோ சொன்னால் ஒரு பொருள், கோர்யூ அதையே சொன்னால் வேறு பொருள், படிப்பவருக்கு உடனே தெரியும். நான் மொழிபெயர்த்தால் கோர்யூ மட்டும்தான் 'அது' என்று சொல்வதாக வைப்பேன். அப்போது இருவாட்சியின் கோபமும் கதைக்குள் வந்துவிடும்.

இருவாட்சி

அதை ஏற்கிறேன். பசாசு சொல்லட்டும்.

முத்துநகர்

நடுவில் ஒரு சின்ன விஷயம், கனமான பேச்சுக்கு இடைவேளை. பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் கற்கள். கோஹாகு என்றால் அம்பர், ஹிசுயி என்றால் பச்சைக்கல் ஜேடு, கொகுயோ என்றால் எரிமலைக் கண்ணாடிக்கல். கோர்யூவோடு திரியும் இரண்டு பூனைகளின் பெயர் ரூரி, ஹரி. ரூரி என்பது லாபிஸ் என்ற நீலக்கல். அந்தச் சொல் வடமொழி 'வைடூர்ய'த்திலிருந்து சீனம் வழியாக ஜப்பான் போனது. ஹரியின் வேர் 'ஸ்படிகம்'. நம் ஊரில் வைடூரியம் என்றால் நகைக்கடைக்காரர் எந்தக் கல்லை எடுத்துக் காட்டுவார்? பூனைக்கண் கல்லை! கிளாம்ப் நால்வருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வைடூரியம் என்று பெயர் வைத்த பூனை, தமிழில் பூனைக்கண் என்று வந்து நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பனிக்கூழ்

அம்பர் என்பதும் கல் இல்லையே அண்ணா, மரப்பிசின் இறுகியது. மரத்தில் மாட்டிக்கொண்ட தேவதைக்குப் பிசினின் பெயர்.

முத்துநகர்

இன்றும் தூக்கம் போயிற்று.

மொட்டைமாடி

முடித்துவிட்டேன். நேற்று இரவு ஒன்றரை மணி. மூன்றாம் தொகுதியைப் பேருந்தில் படித்தேன், நான்காவதை மொட்டைமாடியில் அலைபேசி வெளிச்சத்தில்.

முடிவைச் சொல்லப் போவதில்லை. 362-ஐ எடுத்துப் பார்த்தேன் தம்பி. வள்ளுவர் வேண்டச் சொன்னதற்கு நேர் எதிராக வேண்டிக்கொண்ட கதை. நீ அந்த எண்ணைச் சொன்ன அன்றே பார்க்காமல் விட்டதற்கு என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

இருவாட்சி, மரக்கட்டை பற்றி: நான்காம் தொகுதியில் ஷூயிச்சிரோவின் முகம் மாறவே இல்லை. முதல் தொகுதியில் இருந்த அதே முகம்தான். ஆனால் எனக்கு அழுகை வந்தது. மனிதனின் ஆயுள் எவ்வளவு, தேவதையின் ஆயுள் எவ்வளவு என்பது முதல் பக்கத்திலிருந்தே தெரிந்த கணக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அதைச் சாதாரண வீட்டுக் காட்சி என்று புரட்டிவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒன்றும் வரையாமல் விட்ட அந்த வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் இப்போது வேறு மாதிரி இருக்கின்றன.

குறையும் உண்டு. வானுலக விதிகள் கதைக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் முளைக்கின்றன. நான்காம் தொகுதி அவசரமாக ஓடுகிறது. கோர்யூவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஹிசுயி, கொகுயோ விஷயத்தில் இருவாட்சி சொன்னதில் பாதி நியாயம், முழுக் கதையே கேட்கிற ஜோடி அது.

அடுத்து யாருக்கு வேண்டும்? அஞ்சலில் அனுப்புகிறேன். கயிறும் சேர்த்து.

இருவாட்சி

என்னிடம் இருக்கிறது. மறுவாசிப்பில் இரண்டாம் தொகுதி. மரக்கட்டைக்குத் துளிர் விட்டிருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன்.

கிணற்றடி

எனக்கு அனுப்ப முடியுமா அம்மா? அஞ்சல் செலவை நான் தந்துவிடுகிறேன்.

பனிக்கூழ்

ஐயா, உங்களிடம் இல்லையா? எந்தப் பதிப்பைப் படித்தீர்கள்?

கிணற்றடி

படிக்கவில்லை. நான் வந்தது விகுதிக்காக. ஓய்வு பெற்ற தமிழாசிரியன். மாங்கா என்பதை இதுவரை கையில் எடுத்தது கிடையாது. பேரன் படிப்பான், நான் திட்டுவேன்.

இருவாட்சி

இத்தனை நாளாகக் கதையைப் படிக்காமலா எங்களோடு சண்டை போட்டீர்கள்!

கிணற்றடி

தொல்காப்பியரும்தான் படிக்கவில்லை.

மொட்டைமாடி

முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள் ஐயா. பணம் வேண்டாம். நாளை அனுப்பிவிடுகிறேன்.

கிணற்றடி

கட்டு வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. முதல் தொகுதியைத் திறந்தால், நீங்கள் தவறான பக்கத்தில் தொடங்குகிறீர்கள், நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முத்துநகர்

வலப்பக்கத்திலிருந்து ஐயா. புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள். சதுரங்களையும் வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக. இருபது பக்கம் போனால் கண் பழகிவிடும். பேரனைக் கேட்டாலும் சொல்லித் தருவான்.

கிணற்றடி

கேட்டேன். திட்டினான்.

கிணற்றடி

முதல் தொகுதி முடிந்தது. இரவு பதினொன்றரை. மருத்துவர் நல்ல மனிதராகத் தெரிகிறார், அதிகம் பேசுவதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. காகத்திடம் பட்ட பாட்டைப் பார்க்கவே முடியவில்லை. பொழுது விழுந்தால் கையளவு ஆகிவிடுகிறதே, பாவம், அது தனியாக எங்கே போகும்?

நீலத்தாள்

ஐயா, விகுதி!

கிணற்றடி

உவப்பினும்.